மண்டையோட்டு வெளிச்சம்

அவர் கண்ணை மூடவில்லை. மருந்து மூளைக்குள் போய்ப் படிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், அதுவரை நிம்மதியாகப் படுத்திருங்கள் சார் என்று ஊசி போட்ட கையோடு நர்ஸ் ஹெப்சிபா சொல்லிவிட்டு வந்தாள். அவரும் சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் கேமராவில் பார்த்தால் மேற்கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார், ஊசி போட்ட கையை வயிற்றின் மேல் வைத்து, மற்றக் கையால் அந்தப் பஞ்சை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு. ரத்தம் எப்போதோ நின்றிருக்கும். விடச் சொல்லலாம். என் முன்னால் மேஜையில் மைக் இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் அந்த அறையில் கேட்கும். அழுத்தவில்லை. என்ன சொல்லப் போகிறேன், பஞ்சை விடுங்கள் என்றா, அதைச் சொல்லிவிட்டு அடுத்தது என்ன சொல்வேன். நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் அவர் படுத்திருக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான், ஈயத்தகடு பதித்த சுவர். அந்தப் பக்கம் போய் அவர் தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரக் கூடாது. ஊசி போட்டுக்கொண்டவர் உடம்பிலிருந்து கொஞ்ச நேரத்துக்குக் கதிர் வந்துகொண்டிருக்கும், இங்கே வேலை செய்கிறவர்கள் தேவையில்லாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது சட்டம். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். அவர் ரத்தத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மருந்தைக் காலையில் கீழ்த்தளத்தில் செய்தவளும் நான்தான். மகுடேஸ்வரி மேடம் கையால் வந்த மருந்தென்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொள்வார்கள், காதில் விழும்போதெல்லாம் பிடித்திருக்கும். இன்றைக்குப் பிடிக்கவில்லை. என் கை கொஞ்சம் சரியில்லாத கையாக இருந்திருக்கலாம், யாராவது வந்து அம்மா இன்றைக்குச் செய்ததில் ஏதோ கோளாறு என்று சொன்னால் அவர்கள் காலில் விழுந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு அறுபதுகூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் நாச்சிமுத்து மாஸ்டர் என்றால் வாலிபால்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், சனி ஞாயிறானால் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு எங்காவது நடுவராகக் கிளம்பிவிடுவார், கல்யாணமான புதிதில் எனக்கு அந்த விசிலின் மேல் கோபம்கூட உண்டு. போன வருஷம் தைப்பூசம் கழிந்து பொள்ளாச்சியில் ஒரு போட்டி. திரும்பும்போது ஆனைமலைக்குப் போகலாம் என்று நானும் கூடப் போயிருந்தேன். இரண்டு அணியும் ஒட்டி ஒட்டி வந்துகொண்டிருந்தன. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது, அவர் விசில் ஊதினார். ஊதியவர் கையை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நடுவர் நிற்கிற அந்த உயரமான மேடையில் அப்படியே நின்றார். இந்த அணியைப் பார்த்தார், அந்த அணியைப் பார்த்தார். பிள்ளைகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எந்தப் பக்கம் சர்வீஸ் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், ஐஸ் விற்கிறவருக்குத் தெரியும், எனக்கே தெரியும். அவர் மறுபடியும் விசில் ஊதினார், முதல் தடவையைவிட மெதுவாக. கீழே இருந்த இன்னொரு நடுவர் ஜாடை காட்டி, ஆட்டம் தொடர்ந்தது. வெயில் கண்ணை அடித்துவிட்டது என்றார் பிறகு. இருக்கும் என்றேன். வெயில் அவர் முதுகுப் பக்கம்தான் இருந்தது, அது எனக்கு அப்போதே தெரியும், ஆனாலும் இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அவர் மறந்தது கேஸ் அடுப்பு, வண்டிச் சாவி, பேரூரில் இருக்கிற என் தங்கையின் பெயர். ஒரு நாள் என் தங்கையை அந்த உயரமான பொண்ணு என்றார். அவள் உயரம்தான், அதனால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். பேசும்போது வார்த்தைக்காக அவர் நிற்கிற இடைவெளிகளை நான் எடுத்துக் கொடுத்து நிரப்பினேன். அப்படியே எத்தனை மாதம். நரம்பு டாக்டர் மூளைக்கு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றபோது எந்த ஸ்கேன் என்று நான் கேட்கவில்லை, என் தொழிலில் எனக்குத் தெரிந்த பேய்தான் அது.

அப்போது எங்கள் மருத்துவமனைக்கு இந்த மருந்தைச் செய்ய அனுமதி வந்திருக்கவில்லை. வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் மருந்து இன்னொரு ஊரில் செய்து காரில் வர வேண்டும். வழியில் ஏதோ ஊர்வலம், கார் மாட்டிக்கொண்டது, காலையில் செய்த மருந்து மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. படத்தைக் கணினியில் திறந்தபோது நான் மூளையைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றியிருந்த மண்டையோட்டைத்தான் பார்த்தேன். அது ஒளிர்ந்துகொண்டிருந்தது, ஒரு வளையம் மாதிரி, ஒளிரக் கூடாத இடத்தில். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது, பிள்ளை பிறந்தபோதுகூட அப்படி வந்ததா தெரியவில்லை. மூளையில் புரதக் கசடு சேர்ந்திருந்தால் அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து இது, கசடு இல்லாவிட்டால் வந்த வழியே கழுவிக்கொண்டு போய்விடும். கதிர் வீசுகிற ஃப்ளோரினை அந்த மருந்தில் ஒரு விளக்கு மாதிரி மாட்டிவிட்டிருக்கிறோம், ஸ்கேன் பார்ப்பது அந்த விளக்கை மட்டும்தான். மருந்து தன் கதிராலேயே தன்னை உடைத்துக்கொள்ளும், நேரம் ஆக ஆக விளக்கு கழன்று விழும். கழன்ற ஃப்ளோரின் கசடைத் தேடிப் போகாது, எலும்புக்குப் போகும். மூளையின் மேற்பரப்பை ஒட்டினாற்போல இருக்கிற எலும்பு மண்டையோடு. ஸ்கேன் கருவிக்கு அவ்வளவு கூரிய கண் கிடையாது, எலும்பின் வெளிச்சம் பக்கத்து மூளையின் மேல் வழிந்து, மூளையே ஒளிர்கிற மாதிரி காட்டிவிடும். கசடு சேராத சிறுமூளையோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள், அந்தச் சிறுமூளை எண்ணும் கெட்டுப்போகும், பிறகு எதை எதோடு வகுத்து என்ன சொல்வது. அறிக்கையில் சந்தேகத்துக்கிடமானது என்று எழுதியிருந்தார்கள், எல்லைக்கோட்டில் இருக்கிறதாம். நான் மருந்து செய்த இடத்துக்குப் போன் போட்டேன். காலையில் கிளம்பும்போது பார்த்தோம் மேடம், சுத்தம் சரியாக இருந்தது என்றார் அங்கிருந்தவர். கிளம்பும்போது இருந்ததைக் கேட்கவில்லை, ஊசியில் ஏறும்போது என்ன இருந்தது என்று கேட்டேன். அதை யாரும் பார்க்கவில்லையே மேடம் என்றார். அந்த வார்த்தை எனக்குத் தேன் மாதிரி இனித்தது.

அன்றைக்கு வீட்டில் அவரை உட்கார வைத்துச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, கதிர் என்றால் பயப்படுவார் என்று விட்டுவிட்டேன். புதுச் சேலையையும் வெள்ளை வேட்டியையும் சேர்த்து ஊற வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். சாயம் ஒட்டும் என்றார். அவ்வளவுதான், உங்கள் மூளை வெள்ளை வேட்டி, பக்கத்தில் ஒரு சாயம் போகிற துணி இருந்துவிட்டது, வேட்டியில் கறை தெரிகிறது, கறை வேட்டியுடையது இல்லை. அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "அப்ப என்ற மூளை நல்லாருக்குது, மருந்துதான் கெட்டுப்போச்சுங்கறே" என்றார். ஆமாம் என்றேன். "சரி மகுடி" என்றார். மகுடேஸ்வரி என்ற பெயரை அவர் வாயில் நான் முழுதாகக் கேட்டதே இல்லை, பெண் பார்க்க வந்தபோதே கொடுமுடிப் பொண்ணு, மகுடி என்று தன் அக்காவிடம் சொன்னவர். அந்தச் சரிக்குள் என்ன இருந்தது என்று இப்போது தேடுகிறேன். அன்றைக்குத் தேடவில்லை. அன்றைக்கு நான் ரவை வறுத்துக் கேசரி செய்தேன். அதற்கப்புறம் அரை வருஷம், அந்த அரை வருஷமும் நான் நன்றாக இருந்தேன். அவர் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டு இங்கே எதுக்கு வந்தேன் என்று கேட்டால் தூக்கம் சரியில்லை, சர்க்கரை ஏறியிருக்கும் என்பேன். குளித்துவிட்டு வந்து மறுபடி குளிக்கப் போனால் புழுக்கம். நடுவர் வேலைக்கு இனிமேல் போகவில்லை, முழங்கால் வலிக்கிறது என்று விசிலைக் கழற்றி மாட்டியபோது நல்லதுதான், வெயிலில் நிற்க வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் என் கையில் தயாராக இருந்தது. ஒரு பொருளில் எவ்வளவு கலப்பு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் தொழில், வீட்டில் எனக்குக் கலப்புதான் வேண்டியிருந்தது.

இந்த மருந்தைச் செய்ய எங்களுக்கும் அனுமதி வந்ததும், மறுபடி ஒரு ஸ்கேன் இங்கேயே எடுத்துவிடலாம் என்றார் நரம்பு டாக்டர். இன்று காலையில் செய்த முதல் மருந்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைக்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பினாலும் அங்கேயும் அதுதான் நிற்கிறது. மருந்து தயாரானதும் ஒரு துளி எடுத்துச் சோதனைக் கருவியில் விட்டால் திரையில் கோடு போகும், கழன்ற ஃப்ளோரின் முதலில் வரும், ஒரு சின்ன மேடாக, பிறகுதான் மருந்து, பெரிய மலையாக. முதல் மேடு இல்லாமலிருந்தால் நல்லது, இருந்தாலும் இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. இன்றைக்கு முதல் மேடு எழுந்தது. வரம்புக்குள்தான், ஆனால் வரம்பை உரசிக்கொண்டு. ஸ்கேன் படம் பார்க்கிற டாக்டர் நூருன்னிசா கீழே வந்து பார்த்தாள், ஓகேதானே மேடம், போடலாமே, விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கு என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் அந்தச் சின்ன மேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். இதைப் போட்டால் மண்டையோடு மறுபடியும் லேசாக ஒளிரும், மறுபடியும் நான் பார்த்தீர்களா என்று காட்டலாம், இன்னொரு அரை வருஷம் கிடைக்கும். அரை வருஷம் என்பது எவ்வளவு. ஒரு மழைக்காலம், ஒரு தீபாவளி, மகள் பெங்களூரிலிருந்து வந்து போகிற ஒரு விடுமுறை. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு விடுமுறை. மருந்தை ஊசியில் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அன்னூரிலிருந்து ஒரு அம்மா அதே மருந்துக்காக மேலே காத்திருக்கிறார், அவருக்கும் இதுதானே போகும் என்று நினைத்தேனா, அதை நினைத்தது பிறகா. நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இப்போது அந்த அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறேனோ என்னவோ. வேண்டாம் டாக்டர், இன்னொரு தடவை செய்துவிடுகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. முதல் மருந்தை ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடினேன், கொட்ட முடியாது, அதன் கதிர் அதுவாகவே அடங்கும் வரை கிடக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு என்பதால் மேடம் இவ்வளவு பார்க்கிறார் என்று டாக்டர் யாரிடமோ சொல்வது கேட்டது. இரண்டாவது மருந்தைச் சோதித்தபோது திரையில் முதல் மேடே இல்லை. கோடு நேராக, தரையாக வந்து, ஒரே மலையாக எழுந்து இறங்கியது. இத்தனை வருஷத்தில் என் கையால் வந்ததிலேயே சுத்தமான மருந்து. அதைக் குப்பியில் அடைத்து மேலே அனுப்பினேன்.

கேமராவில் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். செருப்பைத் தேடுகிறார், செருப்பு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, அவர் சுவர் ஓரமாகத் தேடுகிறார். ஹெப்சிபா அந்த அன்னூர் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள். நான் பொத்தானை அழுத்தினேன். சார், படுத்துக்குங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான் என்றேன். சார் என்று எப்படி வந்தது தெரியவில்லை, இந்த மைக்கின் முன்னால் எல்லோரையும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். அவர் நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். "ஏனுங் சிஸ்டர்" என்றார். அது ஓட்டை ஸ்பீக்கர், அதில் எல்லார் குரலும் தகரத்தில் தட்டின மாதிரிதான் கேட்கும், ஹெப்சிபா குரலும் என் குரலும் ஒன்றுதான். அதனால்தான். அதனால் மட்டும்தான். நான்தானுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லுங்க சார் என்றேன். அவர் மறுபடி படுத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, என் சம்சாரம் இங்கேதான் வேலை செய்கிறாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றார். தெரியும் என்றேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டரம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள் என்றார். பிறகு மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை நின்று, எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாததால் தானே தேடித் தேடி எடுத்து, அவர் பேசினார். பொள்ளாச்சி மைதானத்திலேயே தெரிந்துவிட்டதாம். அங்கே நின்றபோது சர்வீஸ் எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை, ஆட்டமே என்னவென்று ஒரு கணம் புரியவில்லையாம், எதற்கு இந்தப் பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள் என்றிருந்ததாம். "என்ற முழங்காலுக்கு ஒண்ணுமில்லீங்க. மேல ஏறி நின்னா மறுபடி அப்படி ஆயிருமோன்னு பயம். அதுக்குத்தான் போறதில்லை." அதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லையாம். மருந்து கெட்டுப்போய்விட்டது என்று சொன்ன நாளிலிருந்து அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாளாம், சமையலறையில் பாட்டெல்லாம் கேட்டதாம், அதைப் போய் எப்படிக் கெடுப்பது என்று இருந்துவிட்டாராம். நான் பாடினேனா. எனக்கு நினைவில்லை. அது எனக்கு நினைவில்லை, அவருக்கு நினைவிருக்கிறது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன், என் மூச்சு அங்கே கேட்டுவிடக் கூடாது என்று. அவர் ஸ்பீக்கரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவை சீக்குன்னுதான் வரும்னு எனக்குத் தெரியுமுங்க. அவ படத்தைத் தனியா பார்க்க வேண்டாம். டாக்டரம்மா பக்கத்துல இருக்கச் சொல்லுங்க. அவளுக்கு யாருமில்லாம அழுதுதான் பழக்கம்." இருக்கிறீர்களா சிஸ்டர் என்றார். பொத்தானை அழுத்தி, சொல்லிடறேனுங்க என்றேன். என் வாயிலிருந்து வீட்டுப் பேச்சு வந்துவிட்டது, கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன், கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்கேன் அறைக்கு அவரை ஹெப்சிபா நடத்திக் கூட்டிப்போனாள். தலையை அசைக்காமல் இருக்க நெற்றியில் பட்டை கட்டினார்கள், கட்டும்போது ஏதோ சொல்லிச் சிரித்தார், என்ன என்று இந்தப் பக்கம் கேட்கவில்லை. கருவிக்குள் தலை போனதும் அவர் கால் மட்டும்தான் தெரிந்தது. வலது கால் பெருவிரல் ஆடிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கையைக் கழுவினேன், திரும்பி வந்தேன், மறுபடி போய்க் கழுவினேன். அரை வருஷமாக அவர் எனக்கு நடித்தார். நான் அவருக்கு நடித்தேன் என்று எனக்கே தெரியாமல் நடித்தேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் பொய் சொல்லிக்கொண்டு, சாம்பார் ஊற்றிக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டு. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம். ஒன்றும் செய்திருக்க முடியாது. சேர்ந்து பயந்திருக்கலாம். அவர் தனியாகப் பயந்தார், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு தனியாகப் பயந்தார், நான் குறட்டை விட்டேன். ஆனைமலைக்கு அன்றைக்குப் போகவில்லை, களைப்பாக இருக்கிறது என்று திரும்பிவிட்டோம், பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது இப்போதுதான் கண்ணில் நிற்கிறது. டாக்டர் நூருன்னிசா வந்து எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஹெப்சிபாவிடமும் சொல்லவில்லை. தானாகவே வந்து உட்கார்ந்தாள், அல்லது கருவிக்குப் போகும் வழியில் அவரே இன்னொரு தடவை சொல்லியிருப்பார், ஒருமுறை சொன்னது மறந்து.

படம் வந்தது. ஒவ்வொரு துண்டாக, கழுத்திலிருந்து மேலே. நான் முதலில் பார்த்தது மண்டையோட்டைத்தான், பழக்கதோஷம். இருட்டாக இருந்தது. கரியால் வரைந்த மாதிரி, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல், சுற்றிலும் சுத்தமான இருட்டு. நானும் டாக்டரும் படித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு தெளிவான படம் இருந்ததில்லை. அந்த இருட்டுக்குள் மூளை ஒளிர்ந்தது. நல்ல மூளையாக இருந்தால் உள்ளே இலையுதிர்ந்த மரத்தின் கிளைகள் மாதிரி தெரியும், கிளைகளுக்கு வெளியே ஓரம் மங்கலாக இருக்கும். இதில் கிளைகள் இல்லை. ஓரம்வரை நிரம்பியிருந்தது, நெற்றிப் பக்கம், பக்கவாட்டில், பின்னால். வேட்டி முழுக்க, வேட்டியின் சொந்தக் கறை. சிறுமூளை மட்டும் அமைதியாக, மங்கலாக, ஒப்பிடுவதற்கு ஏற்றபடி இருந்தது. டாக்டர் எண்ணைக் கணக்குப் பண்ணப் போனாள். வேண்டாம் டாக்டர் என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள். நான் அழவில்லை, அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. என்னவோ வீட்டில் ஒரு சாமானை அதன் இடத்திலிருந்து நகர்த்தியதும் தெரிகிற வெறும் தரை மாதிரி இருந்தது உள்ளே. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா மேடம் என்று கேட்டாள். நான் போகிறேன் என்றேன்.

அவரைப் பழையபடி அந்த அறையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். எனக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டவர், பிறகு நினைவு வந்தவர்போல, "நீ தள்ளி உக்காரோணும்னாங்களே" என்றார். பரவால்லைங்க என்று அவர் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்தேன், தோளோடு தோள் படுகிற மாதிரி. அவர் உடம்பு சூடாக இருந்தது, சாதாரணச் சூடு, கதிருக்குச் சூடு கிடையாது, அது எனக்குத் தெரியும், ஆனாலும் நான் செய்தது அவருக்குள்ளிருந்து வெளியே வந்து என் மேல் பட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது, படட்டும் என்றிருந்தது. எத்தனையோ வார்த்தை நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது நல்ல மாத்திரையெல்லாம் வந்திருக்கிறது, ஆரம்பம்தான், ஒன்றும் அவசரமில்லை. ஸ்பீக்கரில் பேசியது நான்தான் என்றும் சொல்ல நினைத்தேன். சொன்னால் அவருக்கு என் குரல் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது என்னோடு இருக்கட்டும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பொறுமையாக.

"மருந்து சுத்தமா இருந்துச்சுங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கீழே குனிந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார், சர்வீஸ் போடுவதற்கு முன்னால் பார்க்கிற மாதிரி. வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு என் கையை எடுத்துத் தன் தொடையின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"நீ செஞ்சதாச்சே மகுடி" என்றார். "நல்லாத்தான இருக்கும்."